குழந்தைக்குக் காமாலை 430 வரை ஏறியது: பின்னாளில் மூளையிலும் காதிலும் என்ன தெரியும்?

செந்தூல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், செந்தூலில் இருக்கிறோம். என் பையனுக்கு இப்போது ஐந்து மாதம். மனைவியின் ரத்தம் ஓ வகை, பையனுடையது பி. பிறந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பால் கொடுக்க எழுப்பினால் எழவில்லை. வாயில் வைத்தால் இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு மறுபடியும் தூக்கம். என் அம்மா "நல்லா தூங்குற பிள்ளை" என்று சந்தோஷப்பட்டார். சாயங்காலம் கண்ணை விரித்துப் பார்த்தால் வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

அரசாங்க மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சளைத் தரும் பிலிருபின் லிட்டருக்கு 430 மைக்ரோமோல். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சொல்லும் கணக்கில் டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம். அன்றிரவே ரத்தத்தை மாற்றினார்கள். நீல விளக்கிலும் வைத்தார்கள். உடம்பு கொஞ்சம் விறைத்திருந்தது, அழுகை கீச்சென்று இருந்தது என்று டாக்டர் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு நாளில் எண்ணிக்கை இறங்கிவிட்டது.

இப்போது என் குழப்பம் இதுதான். காதுக்கு இரண்டு சோதனை செய்தார்கள். ஓஏஈ என்ற சோதனையில் பாஸ். ஏபிஆர் என்ற சோதனையில் அலை சரியாக வரவில்லையாம், மறுபடி எடுக்கவேண்டும் என்கிறார்கள். ஒன்றில் பாஸ், ஒன்றில் இல்லை என்றால் மெஷின் கோளாறுதான் என்கிறார் மாமா. தலையும் இன்னும் சரியாக நிற்கவில்லை. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் வரும்" என்கிறார்கள் வீட்டில். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வருடங்கள் போனபின் என்ன தெரியும்? இப்போதே எதைப் பார்க்க வேண்டும்?

மெர்தாஜாம் அம்மா

தம்பி, என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு வந்தது கெர்னிக்டெரஸ், அதாவது பிலிருபின் மூளைக்குள் ஏறி அதைக் கெடுப்பது. காரணம் ஜி6பிடி குறைபாடு, சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் ஒரு நொதி அவனுக்குக் குறைவு. சோதனை முடிவு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தக் கதையை இங்கே நீட்ட வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

முதல் வருடம் அவன் துவண்டுதான் கிடந்தான். தலை நிற்கவில்லை, உட்கார வைத்தால் சரிந்துவிடுவான். ஒன்றரை வயதுக்கு மேல்தான் கை கால் தானாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. பந்தை எடுக்க நினைப்பான், கை வேறு பக்கம் போகும், வாய் கோணும், முதுகு விறைக்கும். சந்தோஷம் வந்தால் இன்னும் அதிகம். தூங்கிவிட்டால் எல்லாம் அடங்கி, எந்தக் குறையும் இல்லாத பிள்ளை மாதிரி படுத்திருப்பான். இது அத்தெட்டாய்டு வகை மூளைவாதம். மூளையின் அடியில் பேசல் கேங்க்லியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அசைவுகளை ஒழுங்கு செய்வது அதுதான். பிலிருபின் முக்கியமாகப் போய்த் தங்குவது அங்கே, அதிலும் குளோபஸ் பலிடஸ் என்ற இடத்தில். எம்ஆர்ஐ படத்தில் இரண்டு பக்கமும் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்ததை எனக்குக் காட்டினார்கள்.

அப்புறம் கண். பார்வை நன்றாகவே இருக்கிறது, ஆனால் விழியை மேலே உருட்ட முடியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தலையையே பின்னால் சாய்ப்பான். அதற்குள் உடம்பு முழுவதும் விறைத்துக்கொள்ளும். இது தெரியாமல் ஒரு வருடம் பொம்மைகளைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

பால்பற்கள் பழுப்பாக முளைத்து ஓரமெல்லாம் பொடிந்தன. புட்டிப் பால்தான் காரணம் என்று ஒருவர் என்னைத் திட்டினார். அவன் புட்டியே குடித்ததில்லை. பல்லின் எனாமல் உருவாகும் நேரத்தில் காமாலை கடுமையாக இருந்தால் இப்படி வரும் என்று பின்னால்தான் வேறொரு பல் டாக்டர் விளக்கினார்.

காதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அறிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். யோசிக்கும் பகுதியை விட்டுவிட்டு, அசைவுக்கும் கேட்புக்கும் உரிய இடங்களைத்தான் இந்த நோய் அடிக்கிறது. வாய் பேச வராது, கை காட்ட வராது, காதும் தகராறு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "ஒன்றும் புரியாத பிள்ளை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் மகனை அவன் தாத்தா காற்றாடியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, நாளிதழில் பூப்பந்துச் செய்தி வாசிப்பார். புள்ளியை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால் இவன் கத்திக் கலாட்டா செய்துவிடுவான். முந்தின இரவு ஆட்டத்தை டிவியில் பார்த்தவனாயிற்றே! இவனுக்கு மூன்று வயதில் ஒரு தாளில் "கடுமையான அறிவுக் குறை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். கை வராத பிள்ளை எப்படி அடுக்கும்?

கெப்போங் பாட்டி

படிக்கவே மனசு பதறுகிறது. எங்கள் காலத்தில் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் காலை வெயிலில் கால் மணி நேரம் காட்டுவோம், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம். நான் பெற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. இப்போது யாரும் வெயிலில் காட்டுவதே இல்லையே, அதனால்தான் இப்படி ஆகிறதோ?

சமூகத் தாதி

பாட்டிம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. நான் தாய்சேய் கிளினிக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிரசவம் ஆன வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவருவதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெயிலுக்கும் காமாலைக்கும் தொடர்பு உண்டு என்பது நிஜம். 1956-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஜீன் வார்டு என்ற தாதி, தோட்டத்து வெயிலில் வைத்த பிள்ளையின் உடம்பில் வெளிச்சம் பட்ட இடம் வெளுத்து, துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருந்ததை டாக்டரிடம் காட்டினார். ஜன்னலோரம் மறந்துவைத்த ஒரு ரத்தக் குப்பியிலும் பிலிருபின் குறைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 1958-இல் டாக்டர் கிரெமரும் மற்றவர்களும் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றைய நீல விளக்கு அங்கிருந்து வந்தது. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, பிலிருபினைக் கல்லீரலின் உதவி இல்லாமலே வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது.

ஆனால் வேலை செய்வது, உடம்பு முழுவதும் மணிக்கணக்கில் விழும் அந்த நீல ஒளி. செந்தூலில் காலை எட்டு மணிக்குக் கால் மணி நேரம் வாசலில் பிடித்தால் அந்த அளவு கிடைக்காது. பிள்ளைக்கு நீர் வற்றும், தோல் சுடும். எல்லாவற்றையும் விட மோசமானது, "வெயிலில் காட்டியாச்சு" என்ற நிம்மதியில் ஒரு நாள் போய்விடும். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியும் வெயிலில் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கீழாநெல்லி பெரியவர்களின் காமாலைக்கு என்று நாம் பழகியது. பிறந்த பிள்ளைக்கு வருவது வேறு சங்கதி. பிறந்ததும் சிவப்பணுக்கள் நிறைய உடைகின்றன. அதிலிருந்து வரும் மஞ்சள் பொருளைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற அந்தக் கல்லீரலுக்கு இன்னும் தெம்பு போதாது. பத்து மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதனால்தான் பாட்டிமாரின் வைத்தியமெல்லாம் பலித்ததாகத் தோன்றுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் சேராவிட்டால், ஜி6பிடி இல்லாவிட்டால், பிள்ளை குறைமாதமாக இருந்தால், பால் போதாவிட்டால், கிருமி தொற்றினால் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும். அதன் கை நிறைந்துவிட்டால் மிச்சம் மூளைக்குள் நுழையும்.

இன்னொன்று நம்மவர்களுக்காக. மஞ்சளைக் கண்ணால் அளக்க முடியாது, அதுவும் நம் பிள்ளைகளின் நிறத்துக்கு. மாநிறப் பிள்ளை 300-க்கு மேல் இருந்தும் "கொஞ்சம் வெளுப்பா இருக்கான், அவ்வளவுதான்" என்று சொன்ன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நெஞ்செலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஈறைப் பாருங்கள், வெள்ளை விழியைப் பாருங்கள். இவையும் சந்தேகத்தைக் கிளப்பத்தான். அளவு சொல்வது ரத்தச் சோதனை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஜி6பிடி பற்றி: 1980-களிலிருந்து மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறோம். குறைபாடு இருந்தால் முதல் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். இவ்வளவு நாளா என்று சண்டை போடும் அப்பாக்களிடம் மெர்தாஜாம் அம்மா எழுதியதைக் காட்ட வேண்டும். சீன, மலாய்ப் பிள்ளைகளிடம் இது அதிகம், நம்மிடம் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பையன்களிடம்தான் கூடுதலாக வரும். வீட்டில் பழைய குழந்தைத் துணி எடுத்து வைத்திருப்பீர்கள், பீரோவில் பூச்சி உருண்டை போட்டிருப்பீர்கள், மலாயில் உபாட் கெகாட் என்போமே, அது. அந்த வாசனை ஏறிய துணியை ஜி6பிடி இல்லாத பிள்ளைக்குப் போட்டால் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடையும். அக்கம்பக்கத்துச் சீன ஆன்ட்டி பாசத்தோடு கொடுக்கும் நாட்டு வேரும் வேண்டாம். ஹுவாங் லியென் என்ற வேரைச் சிங்கப்பூரில் 1978-இல் தடையே செய்திருந்தார்கள், பிறகு பல வருடம் கழித்துத்தான் தளர்த்தினார்கள்.

செந்தூல் தம்பி, "நல்லா தூங்குற பிள்ளை" என்றீர்களே, மஞ்சள் உள்ள பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கினால் அதுதான் மூளை பாதிக்க ஆரம்பிக்கும் முதல் அடையாளம். அடுத்து கீச்சென்ற அழுகை, கழுத்தும் முதுகும் பின்பக்கம் வளைவது. அதற்கும் அடுத்தது வலிப்பு, மூச்சு நிற்பது. நீங்கள் மூன்றாம் நாளே தூக்கிக்கொண்டு ஓடியது பெரிய காரியம்.

செவியியல்

நான் பினாங்கில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். மாமாவிடம் சொல்லுங்கள், மெஷினில் கோளாறு இல்லை. இரண்டும் வேறு வேறு இடத்தைச் சோதிக்கின்றன.

ஓஏஈ பார்ப்பது உள்காதில் இருக்கும் நுண்மயிர் செல்களை. ஒலி போனதும் அவை மெல்ல ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும், கருவி அதைப் பிடிக்கும். அதற்கு மேல் நரம்பு, மூளைத்தண்டு எதையும் அது பார்ப்பதில்லை. ஏபிஆர் பார்ப்பது, காதிலிருந்து கிளம்பிய சமிக்ஞை நரம்பு வழியாக மூளைத்தண்டில் ஒழுங்காக ஏறுகிறதா என்பதை. பிலிருபின் நுண்மயிர் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். கேட்பு நரம்பையும் மூளைத்தண்டில் உள்ள கேட்பு மையங்களையும்தான் தாக்கும். ஆகவே கடுமையான காமாலை வந்த பிள்ளைக்கு ஓஏஈ பாஸ் என்பதை வைத்துக் கோப்பை மூடவே கூடாது. நாடெங்கும் பல இடங்களில் பிறந்ததும் செய்யும் முதல் சோதனை ஓஏஈதான். அது பாஸ் ஆனதும் வீட்டுக்குப் போனவர்கள், பிள்ளை இரண்டு வயதாகியும் பேசவில்லை என்று திரும்பி வருகிறார்கள். 342 மைக்ரோமோலைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் ரத்தம் மாற்றிய பிள்ளைகளுக்கும் மூன்று மாதத்துக்குள் ஏபிஆர் எடுக்க வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சின் 2014 வழிகாட்டியே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ஓஏஈ இருந்து ஏபிஆர் இல்லாத நிலைக்குக் கேட்பு நரம்பு ஒத்திசைவுக் கோளாறு என்பார்கள். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வானொலியில் அலைவரிசை சரியாகப் பிடிக்காமல் இரைச்சலோடு பேச்சு வருமே, அந்த மாதிரி. ஒரு நாள் நன்றாகக் கேட்பது போலிருக்கும், மறுநாள் கூப்பிட்டால் திரும்பாது. அமைதியான அறையில் தேவலாம், டிவியும் காற்றாடியும் ஓடினால் போச்சு. மெர்தாஜாம் அம்மா வீட்டில் தாத்தா காற்றாடியை நிறுத்திவிட்டு எதிரே உட்காருகிறாரே, அவர் செய்வது மிகச் சரியான காரியம்.

காதில் மாட்டும் கருவி சில பிள்ளைகளுக்கு உதவும், பலருக்குச் சத்தத்தைப் பெரிதாக்குமே தவிரத் தெளிவைத் தராது. அறுவை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. அதற்கு அவசரப்பட வேண்டாம். காமாலையால் கெட்ட ஏபிஆர் முதல் மாதங்களில் ஓரளவு திரும்பி வருவதுண்டு. அதனால்தான் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையிடம் மொழியை நிறுத்தக் கூடாது. முகத்துக்கு நேரே பேசுங்கள், சைகையும் சேர்த்துச் செய்யுங்கள். "சைகை பழகினால் பேச்சு வராது" என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காது கேளாத பிள்ளைகளுக்கென்று 1954-லிருந்து பள்ளி நடக்கும் ஊர் எங்கள் பினாங்கு. சைகையில் வளர்ந்து பட்டம் வாங்கியவர்களை எனக்கு நேரில் தெரியும்.

சிராஸ் அக்கா

எல்லோரும் நல்லதுக்குத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் ஐந்து மாதப் பிள்ளையின் அப்பா இதைப் படித்தால் எப்படித் தூங்குவார்? என் மகளுக்கு 390 வரை போனது. விளக்கிலேயே இறங்கிவிட்டது, ரத்தம் மாற்றவில்லை. இப்போது படிவம் இரண்டு படிக்கிறாள், வலைப்பந்து ஆடுகிறாள், வீட்டில் அவள் வாய்தான் அதிகம். எண்ணிக்கை அதிகம் என்றாலே மூளை போச்சு என்று அர்த்தமில்லையே. மெர்தாஜாம் அக்கா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எல்லாப் பிள்ளையும் அப்படி ஆவதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

மெர்தாஜாம் அம்மா

சரிதான் சிராஸ் அக்கா. உங்கள் மகள் நன்றாக இருப்பது எனக்கும் சந்தோஷம். 390, 400 என்று போய் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் அதிகம். இதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் தம்பியின் பிள்ளைக்கு விறைப்பும் கீச்சழுகையும் வந்திருக்கிறது, ஏபிஆர் அலை வரவில்லை, தலை நிற்கவில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கோயிலில் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆறுதலிலேயே என் மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் அவனிடம் யாரும் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கவில்லை, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பயத்தைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ

இரண்டு அக்காக்கள் சொல்வதும் உண்மை. உச்ச எண் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நேரம் அங்கே நின்றது, ரத்தம் உடைந்ததால் வந்ததா, அந்தச் சமயத்தில் பிள்ளைக்கு நோய்த்தொற்று இருந்ததா, குறைமாதமா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். 430 என்ற எண்ணை வைத்து இங்கே யாரும் ஜாதகம் கணிக்க முடியாது. பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஐந்து மாதத்தில் என்ன பார்க்கலாம் என்றால்: குப்புறப் போட்டால் தலையைத் தூக்க முயல்கிறானா, கைகளை நெஞ்சுக்கு நடுவே கொண்டுவருகிறானா, முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை நீண்டு மறுபக்கக் கை மடங்கி அப்படியே மாட்டிக்கொள்கிறதா. இந்தக் கடைசி அசைவு இந்த வயதில் மறைய ஆரம்பித்திருக்க வேண்டும். விடாமல் இருந்தால் பிசியோவிடம் சொல்லுங்கள். துவண்டிருக்கும் பிள்ளைக்குப் பின்னால் முறுக்கம் வருமா என்பது ஒன்று, ஒன்றரை வயதில்தான் தெளிவாகும். அதுவரை பெயர் வைக்காமலே வேலையைத் தொடங்கலாம்.

பால், கஞ்சி கொடுக்கும்போது மல்லாத்திப் போட்டுக் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றே நெஞ்சுப் பக்கம் இறங்கி இருக்கும்படி பிடியுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் விறைப்பு கிளம்பும், புரை ஏறும். முறுக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடும் கூடுதலாக வேண்டும், ஓயாமல் அசையும் உடம்பு எல்லாவற்றையும் எரித்துவிடும். எடை ஏறவில்லை என்று அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். விறைப்பு தூக்கத்தைக் கெடுத்தால் பேக்லோஃபென், டிரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, நரம்பு டாக்டர் பார்த்துக் கொடுப்பார். எண்ணெய் போட்டு முறுக்கை இழுத்து எடுத்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள், மூட்டு கழன்று வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

வட்டாரத்தில் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையம் எது என்று விசாரியுங்கள், சமூகநல இலாகாவின் கீழ் நடக்கிறது, செலவு அதிகமில்லை. பிற்பாடு தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு எடுக்கத் தயங்காதீர்கள். "கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி" என்று ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. சலுகையும் பள்ளி ஏற்பாடும் அவ்வளவு காலம் வீணாகப் போனதுதான் மிச்சம்.

ஜெலுத்தோங் மருமகள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை. ரத்தம் ஏ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். முதல் பிள்ளைக்குக் காமாலை வரவில்லை. ஊசி போட வேண்டும் என்கிறார்கள். முதலாவது நன்றாகத்தானே பிறந்தது, எதற்கு என்கிறார் மாமியார்.

சமூகத் தாதி

கண்டிப்பாகப் போட்டுக்கொள்ளம்மா. மலாய், சீனரைவிட நம் இந்தியர்களிடம்தான் நெகட்டிவ் ரத்தம் அதிகம், ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை. முதல் பிள்ளை பிறக்கும்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். முதல் பிள்ளை தப்பிவிடும், அடுத்த பாசிட்டிவ் பிள்ளையைத்தான் அது தாக்கும். அப்படித் தாக்கும்போது காமாலை முதல் நாளே ஏறும். தாயின் உடம்பை அப்படிப் பழகவிடாமல் தடுக்கத்தான் 28 வாரத்தில் ஒரு தரம், பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு தரம் ஆன்டி-டி என்ற அந்த ஊசியைப் போடுவார்கள். முதல் பிரசவத்தின்போது போட்டார்களா என்று உன் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தையோ பழைய கார்டையோ எடுத்துப் பார். அடுத்த செக்கப்பில் எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தச் சோதனையையும் கேள். மாமியாரையும் கூட அழைத்துப் போ, அங்கிருக்கும் தாதி மிஸ்ஸியே விளக்கிவிடுவார்.

செந்தூல்வாசி

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது ஏபிஆர் எடுத்தாகிவிட்டது. வலது காதில் அலைகள் தெரிகின்றன, ஆனால் தாமதமாக வருகின்றன. இடது காதில் இன்னும் இல்லை. போன தடவைக்கு இது முன்னேற்றம், ஒரு வயதுக்குள் மறுபடி பார்ப்போம், நடுவில் அவன் சத்தத்துக்கு எப்படித் திரும்புகிறான் என்று எழுதி வையுங்கள் என்றார்கள். பிசியோவில் அந்தக் கை நீளும் அசைவு இன்னும் இருப்பதாகச் சொன்னார்கள். வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை நரம்பு டாக்டரிடம் தேதி கிடைத்திருக்கிறது.

சிராஸ் அக்கா, நீங்கள் எழுதியதும் எனக்கு வேண்டியிருந்தது. மனைவி அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மெர்தாஜாம் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகன் உங்களிடம் எப்படிப் பேசுகிறான்? இப்போதே நாங்கள் ஏதாவது தொடங்கலாமா?

மெர்தாஜாம் அம்மா

வலது காதில் அலை வந்தது எவ்வளவு நல்ல செய்தி தம்பி! மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இவன் கண்ணால் பேசுகிறான். ஹார்ட்வேர் கடையில் கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் தகடு கிடைக்கும், நாளிதழின் அரைப்பக்க அளவில் அறுத்து வாங்கினேன். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். நடுவில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. அதன் வழியே அவன் முகத்தைப் பார்ப்பேன். இடது ஓரம் ஒரு படம், வலது ஓரம் ஒரு படம், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒட்டவேண்டும். தகட்டை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடித்துக் கேள்வி கேட்பேன். விழி எந்தப் பக்கம் போய் நிற்கிறதோ அதுதான் பதில்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். கடையில் விற்கும் அட்டைகளும் கண்ணால் இயக்கும் கணினிகளும் நான்கு மூலையிலும் படம் வைத்திருக்கும். இவனுக்கு விழி மேலே போகாது. மேல் வரிசையில் வைத்ததை அவன் ஒருநாளும் தேர்ந்தெடுக்கவில்லை. "சோறு" மேலே, "பால்" கீழே. எப்போது கேட்டாலும் பால்தான். ஆசிரியை அவனுக்குச் சோறு பிடிக்காது என்றே குறித்து வைத்திருந்தார். படங்களை ஒரே வரிசையில் இடம் வலமாக, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாற்றி வைத்ததும் பதில்கள் மாறின. இப்போது வரிசையில் எழுத்துகள் ஒட்டியிருக்கிறோம், முதலில் எழுத்து வர்க்கம், பிறகு அதற்குள் எழுத்து. மெதுவாகத்தான் போகும். தன் பெயரை முதலில் எழுதினான், அடுத்து தங்கையின் பெயரை எழுதி "வெளியே போ" என்றான்.

உங்கள் பிள்ளைக்கு இப்போது தகடு வேண்டாம். இரண்டு பொம்மையை இரண்டு கையில், கண்மட்டத்தில், ஓர் அடி இடைவெளியில் பிடியுங்கள். "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நமக்குப் பழகிய நேரத்தைவிட அதிகமாகக் காத்திருக்க வேண்டும், விழி கிளம்பவே நேரம் எடுக்கும். பார்த்த பொம்மையை உடனே கொடுத்துவிடுங்கள். அவனுக்கு எந்தக் குறையும் இல்லாமல் போனாலும் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. டிவியை அணைத்துவிட்டு, வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து கேளுங்கள்.

நரம்பு டாக்டரிடம் போகும்போது காமாலை நேரத்து ரத்த அளவுகள், ரத்தம் மாற்றிய மணி, ஓஏஈ, ஏபிஆர் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை இடத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பல்லையும் மறக்காதீர்கள், முதல் பல் முளைத்ததும் குழந்தைப் பல் டாக்டரிடம் காமாலையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.